உறை

முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமென்று
வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.
சிலவற்றைச் சொல்லலாம்தான்.
பருத்துக் கறுத்த கரு,
மூன்று திசையில் இழுபடும் பிளவு,
அதெல்லாம் வாசலிலேயே தெரிந்துவிடும்.
இது அப்படிப்பட்டதில்லை.

பெயர் பிக்ரியா. வயது நாற்பத்தாறு.
தைராய்டின் வலது மடலில்
மூன்று சென்டிமீட்டர் முடிச்சு.
ஊர் என்ற இடத்தில்
கோரி நகருக்கு வடக்கே, வேலியோரத்துக் கிராமம் ஒன்று.
தொழில்: ஆப்பிள்.
அவ்வளவுதான் எழுதியிருந்தது, ஆப்பிள் என்று.

அறுத்தபோது உள்ளே தேன் நிறம்.
சுற்றிலும் வெளுத்த உறை,
நகத்தின் கனம்கூட இல்லாதது.

இந்த வகைக் கட்டியில்
நல்லதும் கெட்டதும் ஒரே அச்சு.
அதே சின்னஞ்சிறு வட்டங்கள்,
வட்டத்துக்குள் அதே இளஞ்சிவப்புக் கூழ்,
அதே அடக்கமான கரு.
கேள்வி ஒன்றுதான்:
உறையைத் தாண்டியதா?
தாண்டாதவரை வெறும் வீக்கம்.
தாண்டிவிட்டால் வேறு பெயர், வேறு மருத்துவர்,
வீட்டில் எல்லோருக்கும் வேறு குரல்.

ஆகவே உறை முழுவதையும் பார்க்க வேண்டும்,
ஒரு துண்டு விடாமல்.
லமாரா பதினெட்டு மெழுகுக் கட்டைகள் வார்த்தாள்.
நான் நடந்தேன்,
இடப்பக்கம் கட்டி, வலப்பக்கம் உடம்பு,
நடுவே அந்த வெள்ளைக் கரையைப் பிடித்தபடி.

பிக்ரியாவின் ஊரில்
கம்பிவேலி இரவில் நகருமென்று ஓதர் சொன்னான்.
அவன் மனைவிக்கு அந்தப் பக்கம் உறவு.
காலையில் எழுந்தால்
நாலு வரிசை மரம் அக்கரையில் நிற்கும்.
வேலி பயிரை மேய்வதை
அங்கே யாரும் உவமையாகச் சொல்வதில்லை.
போன வருடம் பழம் பறிக்கப் போன ஒருவரைப்
பிடித்துக்கொண்டுபோய்
பதினோரு நாள் கழித்து விட்டார்களாம்.
தன் மரத்தில்தான் ஏறியிருந்தார்.
எல்லை தாண்டியவர் என்று தாளில் இருந்ததாம்.

பதினான்காம் தகடு.
உறையில் ஓர் உடைப்பு.
காளான்போலத் தலை நீட்டி
வட்டங்கள் வெளியே வந்திருந்தன.

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.
கீழே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாமல்
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இருவர் பார்க்கும் நுண்ணோக்கியில்
ஓதர் எதிரே உட்கார்ந்தான்.
"தாண்டிவிட்டது. எழுது."
நானும் எழுதத்தான் எடுத்தேன்.
காளானின் காம்பில் ஏதோ பழுப்பு.
தூசியாக இருக்கும் என்றான்.
இருக்கலாம்.

லமாராவிடம் இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னேன்.
கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டு,
ஒன்றும் சொல்லாமல், ஆனால் கேட்கும்படி,
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஆழத்தில் நேர்க்கோடாய் ஒரு தடம்.
உயிர் எதுவும் இவ்வளவு நேராக நடக்காது.
தடத்தின் இரு கரையிலும் துரு,
பழைய ரத்தம் விட்டுப்போன இரும்பு.
அதற்கான சாயம் போட்டதும் நீலமாய் எழுந்தது.
பக்கத்தில் ஆறிவரும் புண்ணின் இழைகள்.

ஆறு வாரத்துக்கு முன்
இதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில்
பரிசோதனைக்கென்று நாங்கள் குத்திய ஊசி.
கட்டி எங்கேயும் போகவில்லை.
நாங்கள்தான் உள்ளே போனோம்,
வரும்போது கதவைச் சாத்தாமல் வந்தோம்.

"துரு மட்டும் போதாது," என்றான் ஓதர்.
சரிதான்.
பதினெட்டையும் மறுபடி ஆழமாக வெட்டினோம்,
ரத்தக்குழாய் ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டிப் பார்த்தோம்.
வேறு உடைப்பு இல்லை.
ஓதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
தன் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னான்.

'உறை மீறல் இல்லை. சாதுவான கட்டி.'
இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை.
அவள் என்னைப் பார்த்ததில்லை.
நானும் அவளைக் கழுத்துக்குள் கால் அங்குலம்தான்
பார்த்திருக்கிறேன்.

பதினான்காம் தகட்டை மட்டும்
பெட்டியில் போடாமல் மேசையில் வைத்திருந்தேன்.
மறுநாளும் பார்த்தேன்.
காளான், காம்பு, துரு.
அதற்கடுத்த நாளும்.
நாலாம் நாள் லமாரா என்னைக் கேட்காமலே
அதை எடுத்து
பதிமூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே செருகினாள்.