நாலு விரக்கடை

ஏழாம் பக்கம் கேட்கிறது: திட்டப் பகுதியின் எல்லை.
கீழே மூன்று கட்டம்.
மாவட்டம், வட்டம், ஊராட்சி.
மூன்றையும் நிரப்பினேன்.
மழை விழுந்தால் எந்தப் பக்கம் ஓடும் என்று
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

பள்ளத்தூர் என்று பேர் வைத்தவர்களிடம்
செயற்கைக்கோள் இருந்திருக்காது.
என்னிடம் இருக்கிறது, இலவசமாக.
முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளி,
புள்ளிக்கு ஓர் உயரம்.
ஆனால் மென்பொருளுக்குப் பள்ளம் என்றால் பிழை.
நீரோட்டம் வரைவதற்கு முன்
பள்ளங்களை எல்லாம் தூர்த்துக்கொள்ளும்.
ஓர் அழுத்தில்
நாற்பத்தோரு ஊருணி, ஒன்பது கண்மாய்,
குருக்களேந்தல்,
எல்லாம் சமதரை.
மனைக்கல் நட்டவர்களுக்கு இதற்கே
இருபது வருஷம் பிடித்தது.

ஒவ்வொன்றாய்த் திரும்பத் தோண்டினேன்.
இரண்டு நாள், கழுத்துவலி.
பிறகு நீலக் கோடுகள் வந்தன.
அதில் ஒன்று
மேற்கே செம்மண் மேட்டில் கிளம்பி,
சீமைக்கருவேலுக்குள் காணாமல் போய்,
தேனப்பன் மஹாலில் வாசல் வழியே நுழைந்து
மணமேடைக்கு அடியில் கடந்து
சாப்பாட்டுக்கூடம் வழியாக வெளியேறி
ஏந்தலைத் தொட்டது.

தேனப்பன்
எங்கள் நீர்வள சங்கத்தின் பொருளாளர்.
பன்னிரண்டாம் பக்கத்தில்
அவர் கையெழுத்து வேண்டும்.
பதினெட்டு லட்சம்.
வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

திரையைப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
"இந்தக் கோடு கொஞ்சம் வடக்கே ஒதுங்காதா?"
கோபமில்லை. எனக்குக் காபி சொன்னார்.

ஒதுங்கும்.
முப்பது மீட்டர் என்பது ஒரு மஹாலின் அகலம்.
புள்ளிக்குள் தண்ணீர்
எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கலாம்,
யாரும் என்னைத் தப்பு சொல்ல மாட்டார்கள்.
அப்படி ஒரு சலுகை என் கையில் இருப்பதை
அவரிடம் சொல்லாமல்
காபியைக் குடித்தேன்.

வியாழன் விடிகாலை
கொத்தனார் ஆரோக்கியத்தைக் கூட்டிப் போனேன்.
அவரிடம் ஒரு டியூப்.
பாதி தண்ணீர், முனைக்கு ஒரு கட்டைவிரல்.
சார்ஜ் போட வேண்டாம்.
மஹாலின் பின்சுவரோரம்
அண்டா கழுவிய தண்ணீர் தேங்கிய இடத்தில்
ஒரு மடையான் நின்றிருந்தது.
அதைக் கலைக்காமல் சுற்றி அளந்தோம்.
"வடக்கே நாலு விரக்கடை மேடும்மா."
இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.
பார்த்தார். நாலுதான்.
டியூபைச் சுருட்டிக்கொண்டே,
"இந்த அஸ்திவாரம் நாந்தான் போட்டேன்.
அப்பவே ஊத்து.
மோட்டார் வச்சு எறச்சுக்கிட்டே கல்லு வச்சோம்" என்றார்.

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பயனாளிகள் எத்தனை என்ற கட்டம்
எண்ணைத் தவிர எதையும் ஏற்காது.
ஆண் எத்தனை, பெண் எத்தனை?
நத்தைகுத்தி நாரையில் அதைத்
தூரத்திலிருந்து சொல்ல முடியாது.
ஆமையை இதுவரை
யாரும் எண்ணிப் பார்த்ததில்லை,
லாரியில் அடிபட்டவை தவிர.

எதிர்பார்க்கும் இடர்கள், இருநூறு சொல்லுக்குள்:
வரத்துக்கால் ஒரு கட்டடத்தின் கீழே செல்கிறது.
கட்டடத்தின் உரிமையாளர் இந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர்.
பத்துச் சொல்.
மிச்சம் நூற்றுத் தொண்ணூறை
அப்படியே விட்டுவிட்டேன்.
இணைப்பு மூன்றில்
ஆரோக்கியத்தின் அளவைச்
சென்டிமீட்டராக்கிச் சேர்த்தேன்.

வெள்ளி, நாலேகால்.
முதல் பக்கத்திலிருந்து படித்தார்.
கீழே நாளைய கல்யாணத்துக்கு
யாரோ மைக்கை ஊதிப் பார்த்தார்கள்,
ஒன், டூ, ஒன், டூ.
பதினொன்றாம் பக்கத்தில் நின்றார்.
"கூடத்துக்கு அடியில குழாய் போட்டா
தண்ணி போயிருமா?"
"தண்ணி போயிரும். ஆமை போகாது."
அவர் சிரிக்கவில்லை.
நானும் அதைச் சிரிக்கச் சொல்லவில்லை.

நாலு ஐம்பது.
பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார்.
இணைப்பு மூன்றுக்குப் புரட்டினார்.
"ஏழரை சென்டிமீட்டர்னா" என்று
கட்டைவிரலை மடக்கி
மற்ற விரல்களை மேசைமேல்
பக்கவாட்டில் நிறுத்தி
உயரம் பார்த்தார்.