வால் உள்ளே வரட்டும்

பத்தொன்பது வருஷமாக லோக்கல் ஓட்டுகிறேன்.
ஒரு வண்டியைக்கூடத் திருப்பியதில்லை.
வி.டி.யில் பிரேக்கைப் போட்டு, சாவியை உருவி,
பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
பன்னிரண்டு பெட்டி நீளம் நடப்பேன்.
எதிரே கார்டு வருவார், அவர் பையோடு.
லேடீஸ் பெட்டி பக்கத்தில் எங்கோ
தலையாட்டிக்கொள்வோம்.
வால் தலையாகிவிடும்.
அவ்வளவுதான் திரும்புதல்.

கல்யாண் குவார்ட்டர்ஸ், இரண்டாம் மாடி.
கட்டிலுக்கு மேலே சுவரில் கீல் வைத்து
மடக்கி இறக்கும் ப்ளைவுட் பலகை.
அதன்மேல் விரல் அகலத்தில் ரயில்பாதை:
ஒரு நேர்கோடு, கோடியில் ஒரு சுருக்கு,
ஐடி கார்டைக் கழற்றி மேஜையில் போட்டால்
பட்டை விழுந்து கிடக்குமே, அப்படி.
போன வண்டி முகம் திரும்பி
போன வழியே வர வேண்டும்.

சொன்னால் சுலபம். கம்பியிடம் சொல்லிப் பாருங்கள்.
இடது தண்டவாளத்தில் ப்ளஸ், வலதில் மைனஸ்.
வளைந்து சுற்றி வாசலுக்கு வரும்போது
இடது போய் வலதின் தோளில் கை போடுகிறது.
ஷார்ட்.
காவலுக்குக் கட்டியிருந்த ஸ்கூட்டர் பல்ப்
பளீரென்று காட்டிக்கொடுத்தது.
இத்தனைக்கும் வண்டியே வைக்கவில்லை.
வெறும் பாதை, தனக்குத் தானே சண்டை.

மூன்று இரவு காகிதத்தில்
சிவப்புப் பேனாவை நீலப் பேனாவால் துரத்தினேன்.
எங்கே ஆரம்பித்தாலும்
சிவப்பு நீலத்தில்தான் போய் முட்டியது.

வார ஓய்வன்று லாமிங்டன் ரோடு.
ஆறு கால் சுவிட்ச் கேட்டேன்.
"மோட்டரை ரிவர்ஸ் பண்ணவா?" என்றார் ஜிக்னேஷ் பாய்.
இல்லை, மோட்டர் நேரேதான் போகும்,
அதன் காலடியை மாற்றவேண்டும் என்றேன்.
என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு
ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

அதன் முதுகில் இரண்டு கம்பியைக் குறுக்காகப்
பற்றவைத்தேன், பெருக்கல் குறி போல.
சுருக்கின் இரு வாசலிலும்
இரு தண்டவாளத்தையும் அறுத்தேன். நான்கு வெட்டு.
ஒவ்வொன்றிலும் காலாவதியான ஏ.டி.எம். கார்டின் துணுக்கு,
ஒரு சொட்டு ஃபெவிக்விக்.
உருளும் சக்கரத்துக்கு ஒரே பாதை.
மின்சாரத்துக்கு இரண்டு நாடு.

வண்டி முழுதும் சுருக்குக்குள் இருக்கும்போது
வெளியே நேர்பாதையைத் தலைகீழாக்க வேண்டும்.
முந்தினால் வால் மாட்டும்.
பிந்தினால் தலை.
நிறுத்திவிட்டும் மாற்றலாம்தான்.
சிக்னல் இல்லாத இடத்தில் நிறுத்த
எனக்குக் கை வராது.

பன்னிரண்டு பெட்டி கோத்தேன்.
வேறு எத்தனை கோப்பேன்?
என்ஜின் வெளிவாசலில் மூக்கை நீட்டுகிறது,
கடைசிப் பெட்டிக்கு உள்வாசலில் இன்னும் ஒரு கால்.
மாற்றினாலும் ஷார்ட், மாற்றாவிட்டாலும் ஷார்ட்.
எட்டு மணி டோம்பிவ்லி ஞாபகம் வந்தது.

மூன்று பெட்டியைக் கழற்றி ஜன்னலில் வைத்தேன்.
ஒன்பது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது
ஓடியதில் பாதி ஒன்பதுதான்.
யாரும் செத்துப்போகவில்லை என்று எழுத வந்தேன்.
அது உண்மையில்லை.

இரவு பதினொன்றரை.
த்ராட்டிலுக்கு ஒரு கை, சுவிட்சுக்கு ஒரு கை,
பாயிண்ட்டுக்கு மூன்றாவது கை என்னிடம் இல்லை.
குமுதவல்லி நைட்டியை இழுத்துச் செருகி
அந்தக் கோடியில் நின்றாள்.
"எப்பத் தட்டணும்?"
வால் உள்ளே வரட்டும், சொல்.
குனிந்து, கன்னம் பலகையில் பட,
எண்ணிக்கொண்டே இருந்தாள்.
ஏழு. எட்டு.
"வந்திருச்சு."

டக். டக்.

பல்ப் எரியவில்லை.
வண்டி தயங்கவும் இல்லை.
உள்ளே ஓடிக்கொண்டிருந்த அதற்கு
எதுவுமே நடக்கவில்லை.
போய்ச் சேரவேண்டிய உலகம் மட்டும்
அதற்காக இடம்வலம் மாறி நின்றது.

பிறகு நேர்பாதையில் என்னைப் பார்த்து வந்தது.
ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியின் முகத்தை
நான் பார்த்ததில்லை.
இரண்டு விளக்கில் ஒன்று செத்திருந்தது.
எத்தனை நாளாகவோ.

"இன்னொரு தடவை," என்றாள் குமுதவல்லி.
இந்தக் கோடியில் சுருக்கு இல்லை.
என்ஜினைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து,
ஒன்பது பெட்டி நீளம் நடத்திக் கொண்டுபோய்
மறுமுனையில் கோத்தேன்.
அவள் தலையாட்டினாள்.