மீன் தராசில் ஒரு பெட்டி

இன்னும் மூன்று நாள்.
மீன்கார றிபாய்தீனிடம் கொளுக்கித் தராசை இரவல் வாங்கிப்
பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்க்கிறோம்,
கல்லடியில், நேசமலரின் வாடகை அறைக்கு முன்னால்.
கிருபை தூக்க, நான் முள்ளைப் பார்க்க,
இருபத்தாறரை.
"பாரையெண்டால் இண்டைக்கு நல்ல விலை" என்கிறார் றிபாய்தீன்.
மேலதிகக் கிலோ ஒன்றுக்கு விமானக்காரன் எவ்வளவு கேட்பான் என்று
சொன்னேன்.
ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்
தன் மோட்டார்சைக்கிளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

எதை வெளியே எடுக்க?
மிளகாய்த்தூளில் கை வைக்க முடியாது.
மருதமுனைச் சாரம் நாலுக்கும் பெயர் எழுதியாகிவிட்டது.
ஆறு கிழமையாக அட்டை திறவாத இரண்டு புத்தகங்கள், சரி.
கிருபையின் ஓட்டச் சப்பாத்து, சரி:
ஒரேயொரு விடியல் ஓடினார்,
கச்சான் காற்று ஒரு பிடி மணலை வாய்க்குள் போட்டது,
அடுத்த நாளிலிருந்து பிளேன்டீயோடு உட்கார்ந்துவிட்டார்.
துருவன் தன் சிப்பிப் பையைத் தரமாட்டேன் என்கிறான்.
எண்ணூறு கிராம்.
ஒன்றில் இன்னும் யாரோ குடியிருக்கிறார்கள்; மணக்கிறது.

அடுத்த நாள்
கடைசித் தடவைகள் தொடங்கின.
கடைசிக் குளிப்பு, கடைசி இடியப்பம், கடைசியாக ஒருக்கா
காத்தான்குடிக்குப் போய் ஐஸ் போட்ட பலூடா.
கடைசிக் குளிப்பை மூன்று தரம் குளித்தோம்.
சிம்மில் பதினொரு ஜீபி மிச்சம். யாருக்கும் கொடுக்க முடியாதாம்.
மீன் பாடுவதைக் கேட்கவென்று வாவியில்
இரண்டு இரவு தோணியில் போயிருந்தோம்.
நான் கேட்டது பாலத்தில் போன லொறியும் என் வயிறும்.
தனக்குக் கேட்டது என்கிறார் கிருபை.
மூவாயிரம் ரூபாய் கொடுத்தவருக்குக் கேட்கத்தான் வேண்டும்.

பின்னேரம் போனில் வேலை அட்டவணை வந்தது.
எனக்குப் புதன் காலை ஆறே முக்கால், முதியோர் இல்லம்.
அவருக்குச் செவ்வாய் இரவே பஸ்.
பேர்கனில் மழை என்று அதே போன் சொன்னது,
கேட்காமலே.

அங்கே எங்கள் கட்டில் எப்போதும் ஒரு ஆளுக்குத்தான்.
அவர் வர நான் எழும்புவேன்;
அவர் படுக்கிற இடத்தில் என் சூடு இருக்கும்,
எனக்கு அவர் விட்டுப்போன பள்ளம்.
பதினொரு வருடம் அப்படித்தான் ஒருவரையொருவர் தெரியும்.
இங்கே ஆறு கிழமை
ஒரே மின்விசிறியின் கீழ், ஒரே நேரத்தில் தூங்கியிருக்கிறோம்.
அவர் தூக்கத்தில் பிரேக் மிதிக்கிறார்.
எனக்குத் தெரியாது.
முழங்காலில் இரண்டு தரம் பட்டது.

இரவானால் நேசமலர் கதவடியில் வந்து நிற்பா.
"மறுகா?" என்பா.
முதல் கிழமை அது கேள்வி என்றே எனக்குப் பிடிபடவில்லை;
வடமராட்சியில் எங்கள் வீட்டில் அந்தச் சொல் இருந்ததில்லை.
பிறகென்ன, மேலே சொல்லு,
இல்லாட்டிச் சும்மா,
இருக்கிறீங்களா என்று மட்டும்.
துருவன் சிநேகிதனோடு நோர்வேஜியத்தில் கதைக்கும்போது
நடுவில் ஒரு "மறுகா" போடுகிறான்.
அந்தப் பக்கத்துப் பொடியனும் இப்போது
திருப்பிச் சொல்கிறான்.

இன்றிரவு எட்டரைக்கு பஸ்.
விடியவே சிப்பிகளில் பாதியைத் துருவன் தானாகக் கொண்டுபோய்க்
கடலில் போட்டான். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.
இருபத்திமூன்று. முள் ஆடவில்லை.
"மறுகா?" என்றா நேசமலர்.
வாயைத் திறந்தேன்.
புதன் காலை ஆறே முக்கால் என்றுதான் வந்தது.
அவ தலையாட்டினா, நல்ல பதில் போல.

தராசைக் கழுவிக் கொடுத்துவிட்டோம்.
பெட்டியின் கைப்பிடி மட்டும், மூன்று தரம் சோப் போட்டும்
மீன் மணக்கிறது.
பேர்கனில் சுங்கத்து நாய் அதற்குக் கிட்ட வந்து
நின்று
யோசிக்கும்.