மணல்வாயன், பாகம் பதினேழு

வின்சிலாஸ்,
நீ காணாமல் போன மூன்றாம் நாள்
ஸ்டோரில் உன் பிளாஸ்டிங் உடுப்பை
என் பெயருக்கு மாற்றி எழுதினார்கள்.
தோல் மேலங்கி ஒன்று.
கையுறை ஒரு ஜோடி, வலது உள்ளங்கை தேய்ந்தது.
காற்றுக்குழாய் பொருத்திய தலைக்கவசம் ஒன்று,
கண்ணாடியில் கீறல்.
கையெழுத்துப் போடு என்றான் ஸ்டோர்க்காரன்.
போட்டேன்.
நூற்றெண்பது தினாருக்கு
நீ எனக்குப் போட்டுத் தராத கையெழுத்து.

சித்ராவில் மீன்படகில் இருக்கிறான் என்கிறான் ஒருவன்.
பாலம் தாண்டி சவூதி போய்விட்டான் என்கிறான் இன்னொருவன்,
ஏதோ நீ பறந்து போனதுபோல.
ரன்அவே என்று
ஒரே சொல்லில் முடித்துவிட்டது ஆபீஸ்.

உன் கட்டிலுக்கடியில் அந்த நோட்டு கிடந்தது.
பதினாறு பாகம், நீலப் பேனாவில்.
பகலில் ஹித் டிரைடாக்கில்
கப்பலின் துருவை ஊதித் தள்ளுகிறவன்
இரவில் அதே கவசத்தோடு மணல்வாயன்.
வாய் திறந்தால் புயல்.
கடலடியில் துருப்பூதம், அதற்கு இரும்புதான் தீனி.
முகத்தை மட்டும் ஒரு கட்டத்திலும் நீ வரையவில்லை.
உனக்கு மூக்கு வராது, அது எனக்குத் தெரியும்.
மகளிடம் சொன்ன காரணம் வேறு:
முகம் தெரிந்தால் சக்தி போய்விடும்.

முதல் நாள் மாட்டியபோது
உள்ளே இன்னும் உன் கோடாலித்தைல வாசம்.
தாடை நாடாவில் உன் ஓட்டை அகன்று கிடந்தது.
எனக்கு இரண்டு ஓட்டை தள்ளி.
காற்று வந்து உதைத்ததில்
ஓரடி பின்னால் போனேன்.
பதினோரு வருடம் நீ இதை
அசையாமல் பிடித்து நின்றாய் என்பதை
அன்றுதான் நம்பினேன்.
உன்னைத் திட்டினேன்.
கவசத்துக்குள்ளேயே சுற்றி
அது என் காதில்தான் விழுந்தது.

அபிஷ்மா வாய்ஸ் போட்டிருந்தாள்.
"மாமா, அப்பா ஃபோன் எடுக்கல்ல.
பதினேழு எப்ப வரும்?
பூதம் பாலத்தைக் கடிச்சிட்டு இருக்கு,
பஸ்ல ஆளுங்க எல்லாம் அப்பிடியே நிக்காங்க."

கொன்றுவிடுவது என்று முடிவெடுத்தேன்.
ஊருக்கெல்லாம் கடன் வைத்த ஹீரோ
நடுப்பாலத்தில் சாகட்டும்.
முதல் கட்டத்தில் குழாய் அறுந்தது.
இரண்டில் விழுந்தான்.
மூன்றில் தலைக்கவசம் மட்டும்
தார்ரோட்டில் உருண்டது, நன்றாகவே வந்தது எனக்கு.
முற்றும் எழுத இடம் தேடிப் புரட்டினால்
கடைசிப் பக்கம்வரை
ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருக்கிறாய், பாவி.
ஓடப்போகிறவன்
நாற்பது பக்கத்துக்குக் கட்டம் போடுவானா?

பத்து மணிக்கு லைட்டை அணைத்துவிட்டார்கள்.
ஃபோன் வெளிச்சத்தில் நாலாவது கட்டம்.
பஸ்ஸிலிருந்து ஒருத்தன் இறங்குகிறான்.
குள்ளம். லேசாகத் தொப்பை.
குனிந்து கவசத்தை எடுத்து
நாடாவை இரண்டு ஓட்டை இறுக்குகிறான்.
அடுத்த பக்கம் முழுக்கப் புயல்.

படம் பிடித்து அனுப்பினேன்.
இறங்கினவன் யார் என்று எழுதவில்லை.
அது நிழல், மணல்வாயனே எழுந்துவிட்டான்
என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பதில்.
"மாமா, மணல்வாயன் இப்ப
இடது கையால குழாய் புடிக்கான்."
பிறகு கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள்.
"பரவால்ல. நல்லாத்தான் சண்ட போடுதான்.
அடுத்ததுல பழைய ஆளு எங்க போனான்னு மட்டும்
கண்டுபிடிச்சிரச் சொல்லுங்க."

சோற்றுத் தட்டை மூடி வைத்தேன்.
கையுறையைக் கழற்றிப் பார்த்தேன்,
இடது உள்ளங்கையும்
தேயத் தொடங்கியிருக்கிறது.

பாகம் பதினெட்டு, முதல் கட்டம்:
சித்ரா, படகுத்துறை, இரவு.
நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.
எத்தனை படகு, விளக்கு எந்த நிறம்,
எதுவும் தெரியாமல் எப்படி வரைய?
வெள்ளிக்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று
கோல்டுஸ்டோரில்
கேட்டு வைத்திருக்கிறேன்.