அரை மதிப்பெண்

புக்கிட் பாஞ்சாங். ஆகஸ்ட். பள்ளி மண்டபம்.
கூரையில் பன்னிரண்டு மின்விசிறிகள்,
ஒன்று மட்டும் கிறீச்சிடுகிறது.
வெளியே எல்ஆர்டி வளைவில் திரும்பும்போது
அதுவும்.
தமிழாசிரியை நான்.
இன்று கூடுதல் கணிதத்துக்குக் காவல்.

ஏழாம் கேள்வியில் எல்லாரும் நிற்கிறார்கள்.
மேலே எக்ஸ் வர்க்கம்,
கீழே மூன்று எக்ஸும் ஒன்றும்
அடைப்புக்குள், முப்படியாக.
வகையிடு என்று நான்தான் மனத்துக்குள் படித்துக்கொண்டேன்.
அந்தச் சொல் இவர்களுக்குத் தெரியாது,
வகையாக மாட்டிக்கொள்வது தெரியும்.

இருபத்தாறாம் மேசையில் லோகேந்திரன்
வகுத்தல் விதியில் தொடங்கினான்.
அதில் யார் முதலில் என்பது முக்கியம்,
நடுவில் ஒரு கழித்தல் குறி
பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும்.
இவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது,
இருபது வருடத் துரு.

அடித்தான்.
கீழே இருந்ததை மேலே தூக்கி
படிக்கு முன்னால் சிறு கோடு போட்டு,
பெருக்கல் விதி.
ஒன்று மாறும்வரை மற்றது சும்மா இருக்கும்,
பிறகு முறை மாற்றிக்கொள்ளும்.
பக்கத்து மேசை ஷியா யீ
வகுத்தலிலேயே போய்க்கொண்டிருந்தாள்
ஆறாம் படிவரை,
ஓர் அடித்தல்கூட இல்லாமல்.

நின்று பார்க்கக் கூடாது. மெதுவாக நடந்தேன்,
தட்டைச் செருப்புக்கும் இன்று சத்தம் அதிகம்.
திரும்பி வந்தபோது
இரண்டு தாளிலும் கடைசி வரி
ஒரே பின்னம்,
அடியில் ஒரே நான்காம் படி.

அப்போதுதான் உறைத்தது.
போன வாரம் இதே பையன்
பூவையும் கொடியையும் சேர்க்கச் சொன்னால்
பூக்கொடி என்று எழுதியிருந்தான்.
விடைக்குறிப்பில் பூங்கொடி.
சிவப்பில் கழித்தேன், அரை மதிப்பெண்.
வல்லினமும் வரலாம், மெல்லினமும் வரலாம் என்று
விதியே இடம் விட்டிருக்கிறது.
நான் விடவில்லை.

மணி அடித்தது. தாள்கள் முப்பத்தெட்டு.
நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன்.
வாசலில் அவன்.
டீச்சரின் முன்பாதியைக் கெடுத்து
இவர்கள் கூப்பிடும் அந்தக் கூப்பாட்டில்,
"சேர், ஏழாவது எப்படிப் போடணும்?"
எனக்குத் தெரியாது,
தெரிந்தாலும் சொல்லக் கூடாது.
"உன் பூக்கொடி சரிதான்டா" என்றேன்.

எந்தப் பூ என்று முழித்தான்.
இன்னும் அந்தக் கழித்தல் குறியிலேயே
நின்றுகொண்டிருந்தான்.