வீட்டுக்கு ஒன்றரைக் கார்

பொருள் எண் ஏழுக்கு வந்து சேர்ந்தபோது
மணி எட்டேகால்.
டுலூத் நகர மன்றம், மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஏரி இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் கறுப்பு.
நடவடிக்கைக் குறிப்பு எழுதுபவள் நான்.
பேச வந்தவர்களுக்குத் தலா மூன்று நிமிடம்.
எனக்கு அதுவும் கிடையாது.

மூடிப்போன மளிகைக் கடை ஒன்று,
அதன் முன்னால் தாரில் வரைந்த
இருநூற்றுப் பதினான்கு வெள்ளைக் கட்டங்கள்.
அங்கே தொண்ணூறு வீடு கட்டலாமா என்பது கேள்வி.
கட்டிக்கொள் என்கிறது விதி,
வீட்டுக்கு ஒன்றரைக் கார் நிற்க இடம் விட்டுவிட்டு.
விட்டால் தொண்ணூறு ஐம்பத்திரண்டாகும் என்கிறார் கட்டுகிறவர்.
அந்த அரைக் காரைப்
பதினொரு வருடமாக டைப் செய்கிறேன்.
முன்பாதியா பின்பாதியா என்று
இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் ரெய்னோ லஹ்தி.
தாதுக் கப்பலில் முப்பது வருடம் எஞ்சின் பார்த்தவர்,
மைக் தேவைப்படாத குரல்.
"பனி வாரும் நாளில் என் தெருவுக்கு ஒரு பக்கம்தான் உண்டு.
தொண்ணூறு குடும்பமும்
என் வாசலை மறித்துத்தான் நிறுத்தப்போகிறது."
கைதட்டல்.
தலைவி சுத்தியலைத் தொட்டாள், தட்டவில்லை.

பிறகு கல்லூரிப் பையன் ஒருவன், டீகன்.
ஆறு வாரம், இரவு இரண்டு மணிக்குப் போய் எண்ணினானாம்.
மிஞ்சிப்போனால் பதினேழு கார்.
அதில் ஒன்றுக்குச் சக்கரமே இல்லை.
சிரித்தார்கள். சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

"ராத்திரி எண்ணினாய் தம்பி,
நான் பகலில் வருகிறவள்"
என்றாள் ஆர்டிஸ் ஹால்வர்சன், சக்கர நாற்காலியிலிருந்து.
பக்கத்து மருந்துக் கடைக்கு வாரம் இரண்டு முறை.
"என் வேனிலிருந்து சாய்பலகை இறங்க எட்டடி வேண்டும்.
வீடு கட்டுங்கள், கோபுரம் கட்டுங்கள்,
அந்த எட்டடியில் கைவைக்காதீர்கள்."
பையன் தலையைக் குனிந்து
எட்டு என்று எழுதிக்கொண்டான்.
நானும்.

மூன்றாம் வரிசையில்
ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவின் நீலச் சட்டையில் ஒருத்தி.
கடிகாரத்தைப் பார்க்கிறாள், தலைவியைப் பார்க்கிறாள்,
மறுபடி கடிகாரத்தை.
மாய் யேர் வாங், சீட்டு எண் பதினான்கு.
கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு.
எனக்குத் தெரியும்.
பத்து மணி நடையை வெட்டிய தீர்மானத்தை
போன மார்ச்சில் டைப் செய்ததும் நான்தான்.
ஐந்துக்கு நான்கு. ஆட்சேபம் சொல்ல யாரும் வரவில்லை,
கூட்டம் பத்தரைக்கு முடிந்தது.

ஒன்பது நாலு.
பன்னிரண்டாவது ஆள் தன் மேப்பிள் மரத்தின் நிழலை
அங்குலம் அங்குலமாக விவரிக்கிறார்.
அவள் எழுந்தாள்.
சத்தம் வராமல் ஜிப்பை ஏற்றினாள்.
என் மேசையில் மடித்த தாளொன்றை வைத்துவிட்டுப் போனாள்.

"பதினான்கு" என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள்.
படிவத்தில் இரண்டே கட்டம்:
பேசினார். வரவில்லை.
எழுத்தில் தருவதானால்
முந்தைய நாள் நண்பகலுக்குள் தர வேண்டும்.
வரவில்லை என்பதில் டிக் அடித்தேன்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்:
வேலை முடிந்து அந்தக் கட்டங்களைக் குறுக்கே கடக்க
எனக்கு ஆறு நிமிடம், பனியில் பதினொன்று.
அங்கே வீடு வந்தால் வாடகை எவ்வளவு என்று
யாராவது சொல்வீர்களா.

யாரும் சொல்லவில்லை, கேட்கப்படவில்லை.
பொருள் எண் ஏழு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பு.

கீழே ஊழியர் வரிசையில் என் கார்.
ஒன்பதடிக்குப் பதினெட்டடி, வாடகை இல்லை,
இரும்புத் தகட்டில் என் பதவியின் பெயர்.
என் மகன் தூங்கும் அறை இதைவிடச் சின்னது.
கையுறையோடு பொத்தானை அழுத்தியதில்
பக்கத்து இருக்கையும் சேர்ந்து சூடேறத் தொடங்கியது.
அணைக்கவில்லை.
நிறுத்தத்தில் யாரும் இல்லை.
பாலம் தாண்டி வீடு வரும்வரை
அது சூடாகவே இருந்தது.