முப்பத்தொன்றாம் குழாய்

சினைப்பைக் கட்டியிலிருந்து பிரித்த டிஎன்ஏ
விடியும்வரை கரைசலில் ஊற வேண்டும்.
குளிர்பெட்டி முனகுகிறது. வெளியே
ஓசூர் ரோட்டில் கடைசி பஸ்.

எழுத்து எதுவும் மாறவில்லை.
டாக்டர் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.
பிழையில்லை, அடித்தல் திருத்தல் இல்லை.
காவலுக்கு இருந்த ஜீனின் வாசலில் மட்டும்
வரிசையாகப் புள்ளி விழுந்திருக்கிறது.

க என்று திறந்த வாய்
க் என்று அடைத்துக்கொண்டது.
உயிர் போய் மெய் நிற்கிறது.
மெய்க்கு அரை மாத்திரை,
பள்ளியில் ஒப்பித்தது.

புள்ளியை அழிக்கவும் மருந்து உண்டு.
எந்தப் புள்ளியை என்று
அதற்குத்தான் தெரியாது.

குழாயில் வெறும் எண், முப்பத்தொன்று.
பெயர் நான் அறியக் கூடாது.
ஒப்புதல் தாள் தவறி
என் கோப்புக்குள் வந்துவிட்டது:
காக்ஸ் டவுன். வயது ஐம்பத்திரண்டு.
தொழில், பிளவுஸ் தையல்.
கீழே தமிழில் கையெழுத்து.
அவசரமோ, நடுக்கமோ,
வலியில் குனிய முடியவில்லையோ,

அமலோறபவம

என்று போட்டிருக்கிறாள்,
ஒரு புள்ளிகூட வைக்காமல்.

என் பேனா திறந்திருந்தது.
மூடினேன்.